இடம் மாறிப் பேசுதல்

பெரிய காஞ்சிபுரம்,
14 ஜூலை 2025

அன்புள்ள சத்யாவுக்கு, அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மூத்தாரும் நலம். புனேவில் நீயும் அவர் தம்பி வசந்தும் நலமா? அங்கே மழை கொட்டுகிறது என்றார்கள். ஈரத்தில் அலையாதே.

நலம் என்று எழுதியது பழக்கத்தில். வலது கண்ணில் விழித்திரை கிழிந்து ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். கண்ணுக்குள் காற்றை நிரப்பிக் குப்புறவே படுக்க வைத்துவிட்டார்கள். தலையணையைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் கிடந்தேன். இப்போது எழுந்து உட்காரலாம். ஆனால் மூன்று மாதத்துக்குப் போன், டிவி எதுவும் கூடாதாம். உன் மூத்தார் என் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "பேசறதுக்கு மட்டும் குடுங்க" என்று கெஞ்சினேன். "நீ பேசத்தான் எடுப்ப, கண்ணு தானா அந்தத் தேரடி மன்றத்துக்குப் போய்டும்" என்றார். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம் வந்தது.

அதனால்தான் கடிதம். டைப்ரைட்டருக்குக் கண் தேவையில்லை. இன்ஸ்டிட்யூட்டில் இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லித் தருகிறேன், பார்க்காமல் அடி என்று. ஒரு வரி முழுக்க உளறலாக இருந்தால் என் விரல் ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று புரிந்துகொள்.

விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் நான் நடத்தும் "தேரடி" மன்றத்தை இந்த மூன்று மாதம் நீ பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை நாள் நீ அங்கே படிப்பதோடு சரி, ஒரு வரி எழுதியதில்லை. யார் பக்கமும் சாயாதவள் என்பதால் உன்னைத் தேர்ந்தெடுத்தேன். இன்ஸ்டிட்யூட்டில் படிக்கும் அனு நிர்வாகிப் பொறுப்பை உன் பெயருக்கு மாற்றிவிட்டாள். அரசியலோ, புதுக் கருவிகளோ, சமூகமோ, யார் எதைப் பற்றிப் பேசினாலும் விதி மூன்றுதான். எழுத்தில் மட்டுமே பேச வேண்டும். ஆளைத் தாக்கினால் ஒரு மாதம் வெளியே. சண்டை முற்றினால் இருவரும் இடம் மாறிப் பேச வேண்டும். அதாவது எதிராளியின் கட்சியை நீ எடுத்துச் சொல்ல வேண்டும், அவரே "ஆமாம், இதுதான் நான் சொல்ல வந்தது" என்று ஒப்புக்கொள்ளும்வரை.

பதிலைப் பெரிய எழுத்தில் எழுது. இடது கண்ணால் படித்துக்கொள்வேன். போனது போலவே திரும்பி வர வேண்டும் தேரடி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி

•

புனே,
22 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு சத்யாவின் வணக்கம். நாங்கள் நலம். கண் உறுத்தல் குறைந்ததா? சொட்டு மருந்தை மாமாவையே விடச் சொல்லுங்கள், நீங்களே விட்டால் பாதி கன்னத்துக்குத்தான் போகும்.

ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் பிடிக்கிறது. தபால் ஆபீஸில் இந்தக் கட்டை எடை போடுகிறவர் கல்யாணப் பத்திரிகையா என்று கேட்கப் போகிறார்.

முதல் வாரமே சண்டை. பெண்களுக்கு இலவசப் பஸ் சரியா தவறா என்று ஆரம்பித்தது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற முனிசாமி ஐயா முழ நீளத்துக்கு எழுதினார். பாலிடெக்னிக் படிக்கிற ஜெபகுமார் ஒற்றை வரியில் சீண்டினார். உங்கள் விதிப்படி இடம் மாறச் சொன்னேன். முனிசாமி ஐயா முனகிக்கொண்டே ஜெபகுமார் பக்கத்தை எழுதினார். கடைசியில் ஜெபகுமார் "ஆமா ஐயா, என்னைவிட நல்லா சொல்லிட்டீங்க" என்றார். அக்கா, எனக்குச் சமையலறையில் தனியாக நின்று கை தட்டத் தோன்றியது. தட்டினேன்.

ஒரு சந்தேகம். ஐயம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை போட்டிருக்கும் அன்னம்மாள் என்பவர், டைப் செய்ய வராது, குரலில் பேசி அனுப்பலாமா என்று யாரையோ விட்டுக் கேட்டிருக்கிறார். என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
சத்யப்ரியா

•

பெரிய காஞ்சிபுரம்,
30 ஜூலை 2025

அன்புள்ள சத்யா, நலம். உங்கள் நலமே எங்கள் நலம். உறுத்தல் குறைந்திருக்கிறது.

குரல் வேண்டாம். எழுத்தில் என்றால் ஒரு நிதானம் இருக்கும், அடித்ததைத் திருத்தலாம். குரல் என்றால் யார் வாய் பெரிதோ அவர் சொன்னது சட்டம். நான் காரணமில்லாமல் விதி வைக்கிறவள் இல்லை. அன்னம்மாள் சொல்வதை யாராவது எழுதிக் கொடுக்கட்டும்.

நீ கை தட்டியதைப் பற்றி எழுதியிருந்தாய். நிர்வாகி கை தட்டக் கூடாது. இரு பக்கத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். சமையலறையிலும்.

அக்கா

•

புனே,
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா, வணக்கம். நலம்தானே? நாங்கள் நலம். உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

குரலை அனுமதித்துவிட்டேன்.

திட்டாமல் படியுங்கள். ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாமல் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பற்றிப் பேச்சு எழுந்தது. எழுதியவர்கள் அத்தனை பேரும் கைரேகை ஒழுங்காக விழுகிறவர்கள். மெஷின் நல்லது என்று பாதிப் பேர், கெட்டது என்று பாதிப் பேர். மெஷினில் விரலை வைத்துத் திரும்பிப் போன ஒருவரும் அங்கே இல்லை. அன்னம்மாளின் குரலை ஒரு நாள் மட்டும் போடலாம் என்று போட்டேன். "நாலு வாட்டி கழுவிக்கினு போய் வெச்சேன் மா, என் கை என்னுது இல்லன்னு சொல்லுது" என்றார். அதன் பிறகு குரலாக வந்து குவிகிறது. நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரு பக்கத்தையும் தொகுத்து நானே குரலில் சொல்கிறேன். உங்கள் மற்ற இரண்டு விதியும் அப்படியே இருக்கின்றன.

குற்றம் என்னுடையதுதான். எல்லாவற்றையும் நீங்கள் வந்து மாற்றிக்கொள்ளலாம்.

சத்யா

•

பெரிய காஞ்சிபுரம்,
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சத்யாவுக்கு, இங்கே நலம். அங்கும் நலமாக இருக்க காமாட்சி துணை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும். எப்படி என்று கேட்கிறாயா? உன் குரல்தான் சொன்னது.

போன வெள்ளிக்கிழமை சொட்டு மருந்து வாங்க ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்னால் நெசவுத் தெரு வழியாக நடந்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே "சரி, இப்ப எதிர்ப்பக்கம் சொல்றேன் கேளுங்க" என்று நீ பேசுகிறாய். பிரமை என்று நினைத்தேன். அடுத்த வீட்டிலும் நீ. அதற்கடுத்த வீட்டில் தறியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு யாரோ சிரிக்கிறார்கள், உன் பேச்சுக்கு. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவிலும் நீ. டிரைவர் சொல்கிறார், "இந்தம்மா பேசறத கேட்டுக்கினு ஓட்டுனா டிராஃபிக்கே தெரில மா. முன்னாடி யாரோ ஒரு அம்மா நடத்துனாங்களாம், எல்லாம் எழுத்துலயே. யார் படிக்கறது?"

யாரோ ஒரு அம்மா.

பேசுவது எங்கள் வீட்டுப் பெண் என்று நான் சொல்லவில்லை. இறங்கிய பிறகாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அப்போதும் சொல்லவில்லை.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு வயிறு எரிகிறது சத்யா. நான்கு வருடம் ஒவ்வொரு இரவும் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வளர்த்த மன்றம். நீ வந்து ஒரு மாதத்தில் வாயைத் திறந்தாய், ஊர் உன் பக்கம் போய்விட்டது. நீ கல்யாணமாகி வந்த புதிதிலும் இப்படித்தான். "சின்னவ வாயத் தொறந்தா வீடே நெறையுது" என்று மாமியார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் வந்து பத்து வருடமாக அதே வீட்டில்தான் இருந்தேன்.

இந்தக் கடிதத்தைத் திரும்பப் படிக்க என் கண்ணால் முடியாது. அதனால் அடித்தது அடித்தபடி அனுப்புகிறேன். தம்பியைக் கேட்டதாகச் சொல். உன் கடிதங்களில் அவரைப் பற்றி நலம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லையே?

அக்கா

•

புனே,
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். கண் பரிசோதனைக்குப் போனீர்களா? டாக்டர் என்ன சொன்னார்? இங்கே எல்லாம் வழக்கம் போல.

 இன்று மன்றத்துச் செய்தி ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அனு படித்துக் காட்ட வேண்டாம், நீங்களே படியுங்கள். அதற்காகத்தான் இன்னும் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

ஏஐ வரைந்து கொடுக்கும் சேலை டிசைன் யாருக்குச் சொந்தம், கேட்டவருக்கா, நெய்தவருக்கா, கம்ப்யூட்டருக்கா என்று போன வாரம் நன்றாகச் சூடு பிடித்திருந்தது. நடுவில் கந்தன் என்று புதிதாக ஒருவர் நுழைந்தார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அனைவருக்கும் வணக்கம். எல்லோரும் நலம்தானே? அனைவர் நலமும் ஓங்குக. பேசத் தெரிந்தவள் எல்லாம் நடத்தத் தெரிந்தவள் ஆகிவிட மாட்டாள். குக்கர் விசிலுக்கு நடுவே அரசியல் பேசுகிறவளுக்கு நிர்வாகிப் பொறுப்பு எதற்கு? முன்பு இருந்தவரின் கால் தூசு பெறுவாளா இவள்?"

ஆளைத் தாக்கினால் ஒரு மாதம் வெளியே என்பது விதி. நீக்கிவிட்டேன். ஆனால் அக்கா, திட்ட வந்தவர் முதலில் எல்லோரையும் நலம் விசாரித்து நான் பார்த்ததே இல்லை. மன்றத்தில் அப்படி எழுதுகிறவர் இதுவரை ஒருவர்தான் இருந்தார்.

குக்கர் விசில் வருவது உண்மை. இனிமேல் பேசும்போது அடுப்பை அணைத்துவிடுகிறேன்.

சத்யா

•

பெரிய காஞ்சிபுரம்,
16 செப்டம்பர் 2025

அன்புள்ள சத்யா, நலம், நலம் அறிய ஆவல். (இனி இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.)

டாக்டர் பார்த்தார். அடுத்த மாதம் பாதியில் திரையைப் பார்க்கலாமாம்.

கந்தன் என்பவரை நீக்கியது சரி. விதி நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு மாதம் என்பது சற்று அதிகமோ என்று இப்போது தோன்றுகிறது. எழுதிய அன்று தோன்றவில்லை.

பொறுப்பைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய். வந்ததும் குரலை நிறுத்துவேன். அதை இப்போதே அறிவித்துவிடுவது உனக்கு நல்லது.

கிருஷ்ணவேணி

•

புனே,
6 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். ஆயுத பூஜைக்கு டைப்ரைட்டர்களுக்குப் பொட்டு வைத்தீர்களா? பொரி கடலை தின்ன ஆசையாக இருந்தது. இங்கே தேடிப் பிடித்து வாங்கி, நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன்.

பதில் தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி அறிவித்தேன். அக்கா வருகிறார், குரல் நிற்கும் என்று. இரண்டு நாள் மன்றம் இரண்டாகப் பிளந்தது. நான் தொடர வேண்டும் என்று பாதிப் பேர். ஆரம்பித்தவர் வரட்டும், எழுத்துதான் மரியாதை என்று பாதிப் பேர். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. கடைசியில் முனிசாமி ஐயா ஒரு குரல் அனுப்பினார்.

"சண்டை முத்திப்போச்சுன்னா இடம் மாறிப் பேசணும்னு அந்த அம்மாதான எழுதி வெச்சாங்க? எங்களுக்கு மட்டுந்தானா அது? அந்த அம்மா சத்யாம்மா பக்கம் நின்னு குரல்ல பேசட்டும். சத்யாம்மா அவங்க பக்கம் நின்னு எழுதட்டும். அதுக்கப்புறம் நாங்க கை தூக்கறோம். தோத்தவங்க ஒத்துக்கணும்."

எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். அக்கா, நீங்கள் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் இன்றே விலகிக்கொள்கிறேன். வீட்டில் வேலை இல்லாமல் இல்லை. துணி மடிக்கலாம். பால்கனியில் நிற்கலாம். பக்கத்து வீட்டு அம்மாள் மராத்தியில் ஏதாவது கேட்டால் சிரிக்கலாம்.

சத்யா

•

பெரிய காஞ்சிபுரம்,
13 அக்டோபர் 2025

சத்யாவுக்கு,

நலம் பிறகு விசாரித்துக்கொள்கிறேன். இப்போது கை கொதிக்கிறது, இரண்டு இடத்தில் தாளே கிழிந்துவிட்டது.

எனக்கே என் விதியைப் படித்துக் காட்டுகிறார்களா? அதுவும் முனிசாமி! ஐந்து வரிக்குள் எழுதுங்கள் ஐயா என்று அவரிடம் நான் மன்றாடிய நாட்கள் எத்தனை!

வேண்டாம் என்று எழுத மாட்டேன். விட்டுக்கொடுத்த நல்லவள் என்ற பெயரும் உனக்கே போக வேண்டுமா? என் விதிக்கு நான் கட்டுப்படுகிறேன். குரலில் பேச வேண்டும் என்றார்களே, அது மட்டும்தான் உறுத்துகிறது. நான் ஏன் அதை வைக்கவில்லை என்று உனக்கு... சரி, விடு. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பேசுகிறேன்.

பொரியை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன் என்ற வரியைப் படித்ததிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. அதற்காக நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதே.

கிருஷ்ணவேணி

•

பெரிய காஞ்சிபுரம்,
28 அக்டோபர் 2025

அன்புள்ள சத்யா, தீபாவளி நல்லபடியாகக் கழிந்ததா? இங்கே நலம். கண்ணும் நலம். போன் பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனாலும் இதைக் கடிதத்தில்தான் எழுத முடியும்.

இன்ஸ்டிட்யூட் மூடிய பிறகு அனு போனைப் பிடித்துக்கொள்ள, பேச உட்கார்ந்தேன். முதலில் நல்ல தமிழில் எழுதி வைத்துப் படித்தேன். "அம்மா, கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு மாதிரி இருக்குது மா" என்றாள் அனு. தாளைக் கீழே வைத்தேன். உன்னை நினைத்தேன். கோபம் வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. மாகறல் கிராமத்தில் பிறந்தவள் பேசுகிற மாதிரியே பேசினேன். நீ கேட்டிருப்பாய். ஆனாலும் ஒரு முறை தாளில் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன், நான்தான் சொன்னேனா என்று.

"எல்லாரும் நல்லா இருக்கறீங்களா? நான் கிருஷ்ணவேணி. சத்யா பக்கம் நின்னு பேசச் சொல்லிக்கிறீங்க, பேசறேன். எனக்கு அவ மேல பொறாமைபா. ரெண்டு மாசமா பொறாமைப்பட்டுக்கினே அவ பேசுன ஒண்ணு விடாம அனு போன்ல கேட்டுக்கினு இருந்தேன். அவள புடிச்சவங்ககூட அந்த மாதிரி கேட்டிருக்க மாட்டீங்க. அதனால சொல்றேன். தறியில குந்திக்கினு இருக்கறவங்களுக்குக் கையும் வேலைல இருக்குது, காலும் வேலைல இருக்குது, கண்ணு இழைமேல இருக்குது. காது ஒண்ணுதான் சும்மா இருக்குது. அந்தக் காதுக்கு நாலு வருசமா நான் ஒண்ணுமே குடுக்கல. அவ குடுத்தா. அன்னம்மாளுக்கு எழுத வராதுன்னா யாராச்சும் எழுதிக் குடுக்கட்டும்னு நான் சொன்னேன். அவங்களே பேசட்டும்னு அவ சொன்னா. இன்னொண்ணும் இருக்குது. அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன். அவ இருக்கற ஊர்ல தமிழ்ல பேச அவளுக்கு ஒரு ஆள் கெடையாது. காலைல கதவ சாத்துனா ராத்திரிதான் தொறக்குது. எனக்கு இந்த மன்றம் ஒரு பேரு. அவளுக்கு இதுதான் பேச்சு. பேரு இல்லாம இருந்துக்கலாம் மா. பேச்சு இல்லாம எப்படி இருக்கறது?"

இதை அனுப்பிவிட்டு வெகுநேரம் உன்னிடமிருந்து "ஆமாம், இதுதான் நான் சொல்ல வந்தது" என்ற வரி வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு வந்தது. குரலில் இல்லாமல் எழுத்தில்.

அப்புறம் நீ என் பக்கம் நின்று எழுதியதைப் படித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு என் கண் படித்த முதல் திரை அதுதான்.

"நூலகக் கூட்டம் ஒன்றில் ஒரு பெண் கேள்வி கேட்க எழுந்தாள். நல்ல கேள்வி. ஆனால் மேடையில் இருந்தவர்கள் கேள்வியை விட்டுவிட்டு அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்தால் எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்துவிடுகிறது. எழுத்தில் எல்லோருக்கும் ஒரே உயரம்தான். அப்படி உட்கார வைக்கப்பட்டவர்கள் மறுபடி எழுந்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் தேரடி எழுத்தில் தொடங்கியது. நான் குரலைக் கொண்டுவந்தபோது அந்த இடத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை நான் யோசிக்கவில்லை."

அன்று என் பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய்.  பிறகு இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அதை எடுத்ததில்லை. நீ கவனிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரைச் சொல்லாமல் எழுதியதற்கு நன்றி.

"ஆமாம், இதுதான்" என்று உடனே போட்டேன். நானே நான்கு வருடமாக எழுதத் தெரியாமல் இருந்ததை நீ ஆறு வரியில் எழுதிவிட்டாய். ஏன் சத்யா, எழுத்துமா உனக்கு வர வேண்டும்? அதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா?

முடிவு எதுவானாலும் எழுது.

அக்கா

•

புனே,
10 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நலமா? உங்கள் கண் சரியாகிவிட்டதால் பழையபடி பொடி எழுத்தில் எழுதுகிறேன். தபால் செலவு மிச்சம்.

முடிவை நீங்களே திரையில் பார்த்திருப்பீர்கள். குரல் இருக்கலாம், எழுத விரும்புகிறவர் எழுதலாம், பொறுப்பில் நான் தொடரலாம் என்று கை தூக்கிவிட்டார்கள். எழுத்துதான் வேண்டும் என்று முன்பு சொன்னவர்களிலேயே பாதிப் பேர் மாறிப்போனார்கள். உங்கள் குரலைக் கேட்ட பிறகு. உங்களை நீங்களே தோற்கடித்துக்கொண்டீர்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சரியாக ஒரு வாரம்.

வெள்ளிக்கிழமை வழக்கம் போலத் தொகுத்துப் பேசினேன். அடுப்பை அணைத்துவிட்டு, நன்றாகத்தான் பேசினேன். கீழே வந்த முதல் குரல், "மாகறல் அம்மா எப்ப பேசுவாங்க?" இரண்டாவது குரலும் அதே. முனிசாமி ஐயா நீங்கள் பேசியதைத் தன் பேத்திக்குப் போட்டுக் காட்டினாராம். அன்னம்மாள் இட்லிக் கடையில் காலை முழுக்க அதுதான் ஓடுகிறதாம். "அந்தம்மா பேசுனா எங்க வீட்டு ஆளு பேசற மாதிரி இருக்குது, நீங்க பேசுனா ரேடியோ மாதிரி இருக்குது மா" என்று என்னிடமே சொல்கிறார். நான் நிர்வாகியாம். எல்லோரும் என்னிடம் உங்களை விசாரிக்கிறார்கள்.

இது கூடப் பரவாயில்லை. அவர் இருக்கிறாரே, உங்கள் தம்பி வசந்த், மூன்று மாதத்தில் என் குரலை ஒரு நாளும் போட்டுக் கேட்டதில்லை. உங்களுடையதைச் சாப்பிடும்போது போட்டார். சிரித்தார். மறுபடி போட்டார். இரண்டாவது முறை கடைசியில் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நெஜமாவா சத்யா? பேச ஆள் இல்லாமயா இருந்துக்கினு இருக்கற?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து இந்த ஊருக்கு வந்த பிறகு "-க்கினு" வந்து நான் கேட்டதே இல்லை. இப்போது சாயங்காலம் சீக்கிரம் வருகிறார். கீழே தெரு முனைவரை நடக்கிறோம். எதையாவது பேசுகிறோம்.

ஆறு வருடமாக நான் சாடைமாடையாகச் சொல்லி நடக்காதது. நீங்கள் ஊரறிய ஒரு முறை சொன்னீர்கள், நடந்துவிட்டது. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன் அக்கா. ஆனால் என்னவோ எழுத வரவில்லை. வேறு ஒன்றுதான் வருகிறது.

எனக்கு வயிறு எரிகிறது.

அன்புடன்தான்,
சத்யா

•

பெரிய காஞ்சிபுரம்,
17 நவம்பர் 2025

அன்புள்ள சத்யாவுக்கு, அக்கா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் இருவர் நலமும் தெரிந்து நிம்மதி. சாயங்காலம் நடக்கும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

உன் கடிதத்தின் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எழுத்து அவ்வளவு பொடியாக இருந்தும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது. டாக்டரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

வெள்ளிக்கிழமை பேசுகிறேன் என்று அவர்களிடம் சொல்.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி